கார்டு எண் மாறினால் திரும்பி வரும் பணம் எங்கே போகும்?



நம் வயதுக்காரர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் ஒரு கேள்வி இது. "கிரெடிட் கார்டுல ஒரு பொருள் வாங்கினேன். சரியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டேன். அதுக்குள்ள பேங்க்ல வேற கார்டு குடுத்துட்டாங்க. நம்பரே வேற. இப்ப கடைக்காரன் பழைய நம்பருக்கு அனுப்புற பணம் யாருக்குப் போகும்?"

கேட்பவர்களுக்கெல்லாம் உள்ளுக்குள் ஒரே பயம்தான். அந்தப் பழைய எண்ணை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்களோ, நம் பணம் முகம் தெரியாத ஒருவர் கணக்கில் விழுந்துவிடுமோ என்ற பயம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி விழாது. அது உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குத்தான் வந்து சேரும். ஆனால் வங்கிக்கு வந்து சேருவது வேறு, உங்கள் கைக்கு வந்து சேருவது வேறு. இரண்டுக்கும் இடையில் 2024-ல் எனக்கு 34 நாள் ஆனது. அந்த 34 நாளில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

நான் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது என் எழுத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அதனால் எனக்கு எதையுமே தபாலோடு ஒப்பிட்டால்தான் புரியும்.

நம் செஞ்சியின் அஞ்சல் குறியீட்டு எண் 604202. 1972 ஆகஸ்ட் 15-ல் இந்த ஆறு இலக்க முறை வந்தது. முதல் இலக்கமான 6 தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி அடங்கிய பகுதியைக் காட்டும். முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து எந்தப் பிரிப்பு மாவட்டம் என்று சொல்லும். கடைசி மூன்றும் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். தெருப்பெயரும் கதவு எண்ணும் தப்பாக எழுதியிருந்தாலும் இந்த ஆறு எண்கள் சரியாக இருந்தால் கடிதம் செஞ்சிக்கு வந்துவிடும். அதன்பிறகு "இவர் முன்னே சிங்கவரம் ரோட்டுல இருந்தாரு, இப்போ திண்டிவனம் ரோட்டுக்குப் போயிட்டாரு" என்று ஆளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது தபால்காரர் பொறுப்பு.

கார்டில் இருக்கும் 16 எண்களும் இப்படித்தான். முதல் எண் எந்த வலையமைப்பு என்று காட்டும். 4 என்றால் விசா, 5 என்றால் பெரும்பாலும் மாஸ்டர்கார்டு, நம் நாட்டு ரூபே பெரும்பாலும் 6-ல் தொடங்கும். முதல் ஆறு அல்லது எட்டு எண்கள் எந்த வங்கி கொடுத்த கார்டு என்று சொல்லும். அதற்குப் பின்னால் வருபவைதான் உங்களுக்கென்று உள்ள எண்கள். கடைசி ஓர் எண் மற்ற எண்களை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஓர் எண்ணை மாற்றித் தட்டினால் 'இது சரியான கார்டு எண் இல்லை' என்று இயந்திரம் உடனே சொல்வது இதை வைத்துத்தான்.

ஆகவே பழைய எண்ணுக்கு அனுப்பிய பணமும் முதல் ஆறெட்டு எண்களின் தயவால் உங்கள் வங்கிக்கே வந்துவிடும். 'இந்தப் பழைய எண்ணுக்கு உரியவர் இவர், இவருடைய புது எண் இது' என்று பார்த்துச் சேர்க்க வேண்டியது வங்கி. பெரும்பாலும் கணினியே இதைச் செய்துவிடும். செய்யாதபோதுதான் நமக்கு வேலை.

நம் ஊர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். பீஜப்பூர்காரர்கள் அதைப் பாதுஷாபாத் என்றார்கள். 1677-ல் சிவாஜி பிடித்த பிறகு மராட்டியர்கள் சண்டி, சிந்தி என்றார்கள். 1698-ல் சுல்ஃபிகர் கான் பிடித்ததும் முகலாயர்கள் அவருடைய பட்டப்பெயரை வைத்து நுஸ்ரத்கட் ஆக்கினார்கள். வெள்ளைக்காரன் ஜிஞ்ஜி என்றான். நாம் செஞ்சி என்கிறோம். எந்தப் பெயரைச் சொல்லி வந்தாலும் அவரவர் வந்து நின்றது இதே ராஜகிரி அடிவாரத்தில்தான். கார்டு எண்ணும் அப்படி ஒரு பெயர்தான். பெயர் மாறலாம், கணக்குக்கு உரியவர் மாறுவதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் மனைவிக்கு நான்கைந்து ஆண்டுகளாகக் காது மந்தம். எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வாள். போனில்தான் கஷ்டம். சென்னையில் இருக்கும் பேத்தி ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுவாள். அவள் எதைச் சொன்னாலும் இவள் "சரி கண்ணு, சரி கண்ணு" என்பாள். ஒருநாள் அந்தப் பெண் "ஆயா, எனக்குக் காய்ச்சல், ஸ்கூலுக்குப் போகல" என்றது. இவள் "ரொம்ப சந்தோஷம் கண்ணு" என்றாள். பேத்தி சிரித்தது, இவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு "இன்னா சொன்னா?" என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். அன்று ராத்திரி வரைக்கும் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

புதுச்சேரிக்குப் போய்க் காது பரிசோதனை செய்தோம். அந்த அறிக்கையைக் காட்டி, மகன் மூலமாக இணையக் கடை ஒன்றில் இரண்டு காதுக்குமான கருவி வாங்கினோம். விலை ரூ.46,500. என் வைப்புத்தொகையின் பேரில் வங்கி கொடுத்த கிரெடிட் கார்டில்தான் பணம் கட்டினேன். வரம்பு ஒரு லட்சம் ரூபாய். அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டியை ஜனவரியில் எடுத்துத் தனியாக வைத்திருந்தேன். பில் வந்ததும் அதில் இருந்து கட்டிவிடலாம் என்று கணக்கு.

கருவி வந்தது. இடது காதுக்கு உள்ளது வேலை செய்தது. வலது காதுக்கு உள்ளது விசில் அடித்தது, பிறகு அடங்கிவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னோம். கடைக்காரர்கள் மறுப்புச் சொல்லவில்லை. 2024 பிப்ரவரி 20-ம் தேதி கூரியர் பையன் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

22-ம் தேதி ராத்திரி பதினோரு மணிக்கு போனில் வரிசையாக எஸ்.எம்.எஸ். எங்கோ வெளிநாட்டில், டாலரில், என் கார்டை யாரோ முயன்று பார்க்கிறார்கள். உடனே வங்கியின் எண்ணைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கச் சொன்னேன். பணம் போகவில்லை. இப்படிப் பணம் போயிருந்தாலும், நம் பக்கம் குறை இல்லாமல் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் நமக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே சொல்லியிருக்கிறது. அதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் புதுக் கார்டு ஸ்பீட் போஸ்டில் வந்தது. எண் வேறு.

27-ம் தேதி கடையில் இருந்து செய்தி: 'உங்கள் பணம் ரூ.46,500 உங்கள் கார்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஏழு வேலை நாட்கள் ஆகலாம்.' கூடவே கார்டின் கடைசி நான்கு எண்கள். அவை பழைய கார்டின் எண்கள்.

கடைக்குப் போன் செய்து, "தம்பி, அந்தக் கார்டு இப்ப இல்ல. புது நம்பர் தரேன், அதுக்கு மாத்தி அனுப்புங்க" என்றேன். "அப்படி மாத்த முடியாது சார். எந்த கார்டுல வாங்கினீங்களோ அதுக்குத்தான் போகும்" என்றார்.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு விசாரித்தபோதுதான் அதில் நியாயம் இருப்பது புரிந்தது. காரணம் இரண்டு. ஒன்று, எந்தக் கார்டில் இருந்து பணம் வந்ததோ அதற்கே திருப்ப வேண்டும் என்பது கார்டு வலையமைப்புகளின் பொது விதி. இல்லாவிட்டால் திருட்டுக் கார்டில் பொருள் வாங்கி, திருப்பிக் கொடுத்து, பணத்தைத் தன் கார்டுக்கு மாற்றிக்கொள்வது சுலபமாகிவிடும். இரண்டு, 2022 அக்டோபர் 1 முதல் எந்தக் கடையும் நம் கார்டு எண்ணைத் தன்னிடம் சேமித்து வைக்கக் கூடாது. எண்ணுக்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்றுக் குறியீடுதான் அவர்களிடம் இருக்கும். கடைசி நான்கு எண்கள் மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். பழைய வியாபாரத்தின் பதிவைப் பிடித்துக்கொண்டு அதே வழியில் பணம் திரும்பிப் போகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 5-ல் கார்டு பில்லுக்குக் கெடு. திரும்பி வர வேண்டிய பணம் வரவில்லை. அதற்காகப் பில்லைக் கட்டாமல் இருக்க முடியாது. கார்டு வட்டி மாதத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல். எடுத்து வைத்திருந்த வட்டிப் பணத்தையும் பென்ஷனில் கொஞ்சத்தையும் சேர்த்து முழுத் தொகையையும் கட்டினேன். ஆக, கருவியும் கையில் இல்லை, பணமும் கையில் இல்லை. வேறு கருவி வாங்க வேண்டும் என்றால் இந்தப் பணம் வந்தாக வேண்டும்.

ஏழு வேலை நாள் மார்ச் 6-ல் முடிந்தது. வரவில்லை. வங்கியின் தொலைபேசி மையத்தைக் கூப்பிட்டேன். முதல் நாள் பேசிய பெண், "தானாகவே புது கார்டுக்கு வந்துடும் சார்" என்றார். இரண்டு நாள் கழித்துப் பேசியவர், "பழைய கார்டு பிளாக் ஆயிடுச்சு சார், பணம் கடைக்கே திரும்பிப் போயிருக்கும்" என்றார். கடையைக் கேட்டால், "எங்களுக்குத் திரும்பி வரல சார், பேங்க்ல கேளுங்க." கல்லூரி வாசலில் நிற்கிற பஸ்ஸை டெப்போவில் கேட்டால் கிளம்பிவிட்டது என்பார்கள், பஸ் ஸ்டாண்டில் கேட்டால் வரவே இல்லை என்பார்கள். அந்தக் கதைதான்.

அந்தச் சமயம் மேல்மலையனூரில் மாசித் திருவிழா. மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். மயானக் கொள்ளைக் கூட்டத்தில் பம்பையும் உடுக்கையும் என் மனைவிக்கு நன்றாகக் கேட்டன. பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பேத்தி "ஆயா, தண்ணி வேணும்" என்று மூன்று முறை கேட்டது மட்டும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அந்த மிஷின் பணம் வந்துதாங்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். மணியார்டர் 1880-ல் தொடங்கி 2015 வரை இந்த நாட்டில் ஓடியது. அதில் நான் கண்ட பெரிய நாகரிகம் ஒன்று உண்டு. பணம் வாங்கியவர் கையெழுத்துப் போட்ட துண்டு, அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். அனுப்பியாச்சு என்பது பாதிதான், சேர்ந்தாச்சு என்று தெரிந்தால்தான் வேலை முடிந்தது. கார்டில் அந்தத் துண்டு இல்லை. கடைக்காரர் 'அனுப்பியாச்சு' என்றதோடு அவர் கணக்கில் விஷயம் முடிந்துவிடுகிறது.

பதிவுத் தபால் காணவில்லை என்று ஒருவர் வந்து நின்றால் நாங்கள் முதலில் என்ன கேட்போம்? "ரசீது நம்பர் இருக்கா?" என்றுதான். நம்பர் இருந்தால் தேட முடியும். இல்லாவிட்டால் அனுதாபம்தான் சொல்ல முடியும். இந்தப் பணத்துக்கும் அப்படி ஒரு நம்பர் இருந்தாக வேண்டுமே என்று மகனிடம் சொன்னேன். அவன் தேடிப் பார்த்துச் சொன்னான்: இருக்கிறது.

அதன் பெயர் ஏ.ஆர்.என். கடைக்காரருடைய வங்கி ஒவ்வொரு கார்டுப் பரிமாற்றத்துக்கும் கொடுக்கும் 23 இலக்க எண் அது. திருப்பி அனுப்பிய பணத்துக்கும் தனியாக ஒன்று உண்டு. கடையின் வங்கியில் இருந்து கிளம்பி, விசா, ரூபே போன்ற வலையமைப்பு வழியாக நம் வங்கிக்கு வரும் வரை அந்த எண் மாறுவதில்லை. கடையின் ஆர்டர் எண்ணைச் சொன்னால் வங்கிக்கு ஒன்றும் புரியாது. கார்டின் கடைசி நான்கு எண்களைச் சொன்னால் கார்டு முடக்கம் என்று மட்டும் தெரியும். ஏ.ஆர்.என். சொன்னால்தான் பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க முடியும்.

கடையின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி ஒவ்வொரு இணையக் கடையும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் கடையின் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் கேட்டது மூன்றே விவரம்: பணம் அனுப்பிய தேதி, தொகை, 23 இலக்க ஏ.ஆர்.என். மறுநாளே புகார் பதிவானதாகப் பதில் வந்தது. மார்ச் 18-ல் எண்ணும் வந்தது.

இதற்கிடையில் இன்னொரு அழைப்பும் வந்தது. இதை எழுதத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். நல்ல தமிழ், மரியாதையான குரல். "ஐயா, உங்க ரீஃபண்ட் எங்க கிட்ட நிலுவையில இருக்கு. புது கார்டு நம்பரும், இப்ப வர்ற ஓ.டி.பி.யும் சொன்னீங்கன்னா உடனே போட்டுடுறேன்." என்னிடம் பணம் வராமல் இருப்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. "தம்பி, பணம் குடுக்கறதுக்கு ஓ.டி.பி. எதுக்கு?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

நண்பர்களே, இதை எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு ஓ.டி.பி. வேண்டாம், யு.பி.ஐ. ரகசிய எண் வேண்டாம், எந்தப் படத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், போனில் எந்தச் செயலியையும் ஏற்ற வேண்டாம். அவையெல்லாம் பணம் நம்மிடம் இருந்து போவதற்கு. கடையின் உதவி எண்ணைத் தேடுதளத்தில் தேடி எடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் அங்கே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வங்கியின் எண்ணைக் கார்டின் பின்புறத்தில் பார்த்து எடுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930-ஐக் கூப்பிடுங்கள்.

மார்ச் 19-ம் தேதி வங்கிக் கிளைக்கு நேரில் போனேன். ஒரு பக்கக் கடிதம். பழைய கார்டின் கடைசி நான்கு எண்கள், புதுக் கார்டின் கடைசி நான்கு எண்கள், கார்டு முடக்கிய தேதி, பணம் அனுப்பிய தேதி, தொகை, ஏ.ஆர்.என். கடைசியில், 'இந்தப் பணம் என் கணக்கில் எந்தத் தேதியில் சேர்ந்தது அல்லது ஏன் சேரவில்லை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்' என்று ஒரு வாக்கியம். முழுக் கார்டு எண்ணை எங்கும் எழுதவில்லை. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அதையே வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன். கவுண்டரில் இருந்த பெண் எண்ணைப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே யாரும் கொண்டு வர மாட்டாங்க சார். இது இருந்தா தேடிடலாம்" என்றார்.

26-ம் தேதி பதில் வந்தது. பணம் பிப்ரவரி 29-ம் தேதியே வங்கிக்கு வந்துவிட்டது. பழைய எண்ணின் பதிவில் தனியாக நின்றிருக்கிறது. புது எண்ணோடு அந்தப் பதிவு இணைக்கப்படாமல் இருந்ததாம். கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை, வங்கி ஊழியர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் பொய்யில்லை. கடிதம் ஊருக்கு வந்து, அஞ்சலக அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

மார்ச் 28-ல் புதுக் கார்டின் கணக்கில் ரூ.46,500 வரவாக வந்தது. அத்துடன் முடிந்துவிட்டது என்று விட்டிருந்தால் அந்தப் பணம் கார்டிலேயே நின்று, அடுத்தடுத்த செலவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துகொண்டிருக்கும். எனக்குத் தேவை சேமிப்புக் கணக்கில் பணம். இதற்கும் விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட கார்டு விதிகள் சொல்வது இது: பில் கட்டிய பிறகு இப்படித் திரும்பி வரும் பணம் கார்டு வரம்பில் ஒரு சதவீதம் அல்லது ரூ.5,000, இதில் எது குறைவோ அதைத் தாண்டினால், அதைக் கார்டிலேயே வரவு வைத்துக்கொள்ள நம் சம்மதத்தை ஏழு நாளுக்குள் வங்கி கேட்க வேண்டும். நாம் பதில் சொல்லாவிட்டால் நம் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். எனக்கு வரம்பு ஒரு லட்சம் என்பதால் அந்த அளவு ஆயிரம் ரூபாய்தான். தொகை எதுவானாலும், நாமே கேட்டால் மூன்று வேலை நாளில் மாற்றித் தர வேண்டும்.

நான் அன்றே கேட்டுவிட்டேன். மறுநாள் புனித வெள்ளி, அப்புறம் ஒரு ஞாயிறு, ஏப்ரல் 1 வங்கிகளின் வருடக் கணக்கு முடிக்கும் நாள். ஏப்ரல் 3-ம் தேதி சேமிப்புக் கணக்கில் பணம் வந்தது. மூன்று வேலை நாள் என்ற கணக்கு சரியாகவே இருந்தது.

மறுவாரம் புதுச்சேரியில் நேரிலேயே பொருத்திப் பார்த்து வேறு கருவி வாங்கினோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடித்ததற்கு அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "இவ்ளோ சத்தமா இருக்கு ஊரு?" என்றாள்.

இப்போது உங்களுக்கான சுருக்கம்.

1. கார்டு தொலைந்தாலோ, யாரோ முயன்று பார்த்தாலோ, பணம் திரும்பி வர வேண்டியிருக்கிறதே என்று தயங்காமல் உடனே முடக்குங்கள். அந்தப் பணம் எங்கும் ஓடிப்போகாது. ஆனால் கணக்கையே மூடாதீர்கள். எண்ணை மட்டும் மாற்றுவது வேறு, கணக்கை மூடுவது வேறு. மூட வேண்டுமானால் வர வேண்டிய பணம் வந்த பிறகு மூடுங்கள். ஏற்கெனவே மூடியிருந்தாலும், அதில் வரவாக நிற்கும் பணத்தை வங்கி உங்கள் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும்.

2. பணம் வரவில்லை என்பதற்காகக் கார்டு பில்லை நிறுத்தி வைக்காதீர்கள்.

3. கடையிடம் ஏ.ஆர்.என். கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். 'வவுச்சராகத் தருகிறோம்' என்றால், அது உங்களுக்கு உண்மையாகவே வேண்டுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

4. வங்கியிடம் பேசியதோடு நிறுத்தாமல் கடிதம் கொடுங்கள். முத்திரையிட்ட நகல் வேண்டும். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448. கடை மேல் புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

5. கடை பணமே அனுப்பவில்லை, ஏ.ஆர்.என்.னும் தரவில்லை என்றால், 'வர வேண்டிய பணம் வரவில்லை' என்று உங்கள் வங்கியில் சார்ஜ்பேக் கேட்கலாம். இதற்குக் கெடு உண்டு. மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டுப் போகாதீர்கள்.

6. 'ஐந்து நாளில் வராவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய்' என்று பலரும் சொல்வார்கள். அது 2019-ல் வந்த விதி. கணக்கில் பணம் பிடித்தும் கடைக்கு உறுதிச் செய்தி போய்ச் சேராத பரிமாற்றங்களுக்கு உரியது. பொருளைத் திருப்பிக் கொடுத்து வாங்கும் பணத்துக்கு அது பொருந்தாது. அதைச் சொல்லிச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இது தனி ஒருவருக்கு மட்டும் வரும் சிக்கலும் அல்ல. வங்கிகள் இணையும்போது ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே சமயத்தில் கார்டு மாறுகிறது. 2020 ஏப்ரலில் பொதுத்துறை வங்கிகள் பல இணைந்தன. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது. 2023 மார்ச்சில் சிட்டி வங்கியின் இந்தியக் கார்டு வியாபாரம் ஆக்சிஸ் வங்கிக்குப் போனது. அப்படிப்பட்ட சமயங்களில் திருப்பி வர வேண்டிய பணம் ஏதாவது இருந்தால், பழைய கார்டின் கடைசி நான்கு எண்களையாவது குறித்து வைத்துக்கொண்டு புதிதாக வந்த வங்கியிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த விவகாரம் முடிந்ததும் ஒரு பழைய டைரியில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். எந்த வங்கி, எந்தக் கார்டின் கடைசி நான்கு எண்கள், எந்த நம்பரைக் கூப்பிட வேண்டும், யார் கூப்பிட்டால் பேசக் கூடாது. ரகசிய எண் எதுவும் அதில் இல்லை. நம் வீடுகளில் இந்த வேலையெல்லாம் பெரும்பாலும் ஒருவர்தான் பார்க்கிறோம். அவருக்குப் பிறகு, பழைய எண்ணுக்கு வந்து நிற்கும் பணத்தை யார் போய்க் கேட்பார்கள்?

என் மனைவியை உட்கார வைத்து அந்த டைரியைப் படித்துக் காட்டினேன். பாதியில், "கொஞ்சம் மெதுவாவே சொல்லுங்க, எனக்கு நல்லா கேக்குது" என்றாள். ஏ.ஆர்.என். என்றால் என்ன என்று மட்டும் இரண்டாம் முறை கேட்டு, தன் கையாலேயே ஓரத்தில் எழுதிக்கொண்டாள்: 'ரசீது நம்பர்.'

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டை எழுதி வையுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.